‘வெஜ் ஒன்லி!’

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்து. கேட்டில் ‘டு-லெட்’ போர்டு. அதன் கீழே சாக்பீஸில் ரெண்டே வார்த்தை... ‘வெஜ் ஒன்லி’. ஞாயிற்றுக்கிழமையானால் ஜனம் மொய்க்கிற மீன் மார்க்கெட்டும் இதே வானகரத்தில்தான் இருக்கிறது!

யார் இந்த ‘வெஜ்’?

நம்மூர்ச் சொல் ‘சைவம்’. சிவனைக் கும்பிடும் சமயத்தின் பெயர் அது. ஆனால், நெற்றி நிறைய நாமம் போட்ட வைணவரும் ஓட்டலில் ‘நான் சைவம்ப்பா’ என்றுதான் சொல்கிறார். சர்வர் சிரிப்பதில்லை. சாமியின் பெயர் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்கள் கதை வேறு. கறி தின்னாதவர்களை முன்பு ‘பைதாகரஸ் பத்தியக்காரர்கள்’ என்றார்கள். கணக்குப் பாடத்தில் நம்மைப் படுத்தினாரே, அதே பைதாகரஸ்தான்! 1847-ல் ராம்ஸ்கேட் ஊரில் சங்கம் ஆரம்பித்த பிறகுதான் ‘வெஜிடேரியன்’ என்ற சொல் நிலைத்தது.

1888-ல் லண்டன் போன 18 வயசு காந்திக்கு ஒரு சிக்கல். ‘மாமிசம் தொட மாட்டேன்’ என்று அம்மா புத்லிபாயிடம் சத்தியம் செய்திருந்தார். முட்டை மாமிசமா? பால்? லண்டன் சங்கத்தார் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். காந்தி யோசித்தார். சத்தியம் வாங்கியது அம்மா. அப்படியானால் அம்மாவின் அர்த்தம்தான் செல்லும். முட்டை அவுட். பால் ஓகே!

1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் பாலையும் தள்ளினார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் மட்டும் எடுத்து ஒட்ட, ‘வீகன்’ பிறந்தது.

இந்தியாவில் 2001-ல் பாக்கெட் உணவுகளுக்கு விதி வந்தது. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக, 2020 விதிகளில் பழுப்புப் புள்ளி முக்கோணமானது. 2022-ல் வீகனுக்கும் தனி முத்திரை வந்தது. சட்டப்படி பாலும் தேனும் சைவம், முட்டை அசைவம். பாலிலும் முட்டையிலும் புத்லிபாய் போட்ட அதே கணக்கு!

பாக்கெட்டில் புள்ளி வைப்பது நல்ல காரியம். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கேட்டில் எழுதுவது அப்படியா? அங்கே ‘வெஜ்’ என்பது சாப்பாட்டை மட்டும் கேட்கவில்லை. ‘நீ யாரு, என்ன ஆளுங்க?’ என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறது. கறி தின்னாதவர்களுக்கும் இது தெரியும்.

காந்திக்கு லண்டனில் ரூம் கொடுத்தது ஒரு விதவை அம்மாள். அவருக்குத் தனியாகக் காய்கறி வேகவைத்துக் கொடுத்தார். பையன் பசியோடு இருப்பானே என்று அந்த அம்மாளின் மகள்கள் ரெண்டு துண்டு ரொட்டி கூடவே வைத்தார்கள். காந்தியின் சத்தியம் அவர் தட்டோடு நின்றது. அந்த வீட்டுக் கேட்டிலும் எந்த போர்டும் அவரைத் தடுக்கவில்லை.

தட்டில் இருக்க வேண்டியது கேட்டுக்கு ஏன் சார் வருது?