அல்லிக்குழி மலையின் கூழாங்கற்கள்

பரங்கிமலையிலிருந்து போரூர் வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் குமணன்சாவடியை அடுத்துள்ள கரையான்சாவடி என்னும் ஊர், வேலப்பன்சாவடி முதலிய அண்டை ஊர்களைப் போலவே, வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் 'சாவடி' என்னும் சொல்லைத் தன் பெயரில் கொண்டது. சுற்றிலும் ஏரிகள் நிறைந்த சமதரையாதலால், மலை என்றதும் இவ்வட்டாரத்தாருக்கு நினைவில் எழுவது ஏலகிரியோ ஏற்காடோதான். ஆயினும் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இரண்டு இடங்களுள் பல்லாவரம் இவ்வூருக்குத் தென்கிழக்கிலும், அத்திரம்பாக்கம் திருவள்ளூருக்கு அப்பால் வடமேற்கிலும் அமைய, இரண்டாவதற்கு அருகே 400 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத அல்லிக்குழி மலைத்தொடர் கிடக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரம் படைமுகாமின் அணிவகுப்புத் திடலில், சரளைக் குழியொன்றிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்த கற்குவியலில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். கைக்கோடரி என்பது, காம்பு பூட்டாமல் உள்ளங்கையிலேயே பிடித்துப் பயன்படுத்துமாறு இரு முகங்களிலும் செதிலெடுத்து, ஒரு முனை கூராக அமைக்கப்பட்ட கல்லாயுதமாகும். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த இத்தகைய கற்கள் மனிதர் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர் ஒப்புக்கொண்டது 1859-இல்தான். அச்செய்தியை அறிந்திருந்த ஒருவரின் கண்ணுக்கு மட்டுமே அந்தக் கல் கருவியாகத் தெரிந்திருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றையொட்டிய அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டனர். அக்கருவிகள் புதைந்திருந்த, இரும்புச் சத்து மிகுந்து செந்நிறமாய் இறுகிய செம்புரைக்கல் படிவு கடலடியில் உருவானது என்று ஃபூட் கருதியது பின்னர் நிலைக்கவில்லை. கருவிகளைப் பற்றிய அவரது தீர்ப்போ நிலைத்தது. அவர் திரட்டிய தொகுப்பை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது.

இவ்வளவு கருவிகள் ஏன் அத்திரம்பாக்கத்தில் குவிந்தன என்பதற்கு மலையே விடை சொல்கிறது. அல்லிக்குழி மலை, முற்காலக் கிரெத்தேசியக் காலத்தில், நீரோட்டத்தால் உருட்டி வரப்பட்ட கூழாங்கற்கள் மண்ணோடும் மணலோடும் பிணைந்து இறுகிய திரள்பாறையால் ஆனது. அக்கற்களிற் பெரும்பாலானவை குவார்ட்சைட், அதாவது மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கடினமான பாறை. ஓங்கி அடித்தால் விளிம்பு கூராகப் பிளக்கும் இயல்புடையது. மழையில் பாறை அரிபட அரிபட இக்கற்கள் கழன்று சரிவுகளிலும் ஓடைகளிலும் இறங்கின. கத்திக்கு இரும்பு தேடியலைந்த பிற்காலத்தாரோடு ஒப்பிட்டால், மலையடிவாரத்திலேயே மூலப்பொருள் கிடைக்கப்பெற்ற இக்கருவிகளைச் செய்தோர் நல்வாய்ப்புடையவர்கள்.

அத்திரம்பாக்கத்தில் 1930-களில் வி.டி. கிருஷ்ணசுவாமியும், 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜியும் ஆய்வு நடத்தினர். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் மேற்கொண்ட அகழாய்வு சில குழிகளில் ஏறத்தாழ 9 மீட்டர் ஆழம்வரை சென்றது. அடியிலுள்ள களிமண் அடுக்கில் கருவி செய்வதற்கேற்ற இயற்கைக் கல் இல்லை என்பதால், அங்குக் கிடைத்த பெருஞ்செதில்களும் கோடரிகளும் வேறிடத்திலிருந்து கையால் சுமந்து கொண்டுவரப்பட்டவை என்பது தெளிவாயிற்று; இவ்வாய்வின் முடிவுகளுள் மிக அழகானது இதுவே எனலாம். விண்கதிர்கள் பட்டுக் கல்லில் உருவாகும் பெரிலியம், அலுமினியம் அணுவகைகளை அளந்தும், படிவில் பதிந்த பழைய காந்தத் திசையை ஒப்பிட்டும் 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, இக்கருவிகள் குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகளுக்கும், சராசரியாக 15 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பெருங்கோடரிகள் குறைந்து சிறு செதிற்கருவிகள் மிகும் இடைப் பழைய கற்காலம் இங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறிற்று.

மலைக்குள் அமைந்த குடியம் குகைகள் இதே திரள்பாறை அரிபட்டதால் உண்டானவை. ஆழ்ந்த சுரங்கம் போலன்றி, முன்புறம் அகலத் திறந்து, மேலே பாறை கவிந்து நிற்பவை. முந்தைய மனிதர் தங்கியிருக்கக்கூடிய இடமென ஃபூட் கருதிய இவற்றில் பானர்ஜி 1962 முதல் 1964 வரை அகழ்ந்து, பழைய கற்காலத்திலிருந்து நுண்கற்காலம்வரை தொடரும் கருவிகளைக் கண்டார். கண்டெடுத்தவற்றைப் பொதுமக்கள் காண்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1985-இல் பூண்டியில் அகழ்வைப்பகம் ஒன்றை அமைத்தது. 1944-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தைக் காணவே பெரும்பாலோர் பூண்டிக்கு வருகின்றனர் என்பதால், பக்கத்திலேயே இருந்தும் இவ்வகழ்வைப்பகம் பலரால் கவனிக்கப்படுவதில்லை.

காட்டுவழியே நடந்து குடியத்தை அடைவோர் கவிந்த பாறையை அண்ணாந்து பார்த்தால், முட்டை வடிவக் கற்கள் பாதி வெளியே துருத்தி நிற்பதைக் காணலாம். ஓர் அம்மனுக்கு இன்றும் பூசை நடக்கும் அக்குகைத் தரையில், மேலிருந்து உதிர்ந்த கற்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் தானாகப் பிளந்தது எது, ஒரு கை அடித்துப் பிளந்தது எது என்பதை விளிம்பைத் தடவிப் பார்த்தே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.