பாட்டு விழாவிலிருந்து விடுதலை வரை: எஸ்தோனியா, 1869–1991

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள எஸ்தோனியா சுமார் 45,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நாடு. 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 15.7 லட்சம், அவர்களில் எஸ்தோனிய இனத்தவர் பத்து லட்சத்துக்கும் குறைவு. 1987 முதல் 1991 வரையிலான நான்கே ஆண்டுகளில், தன் மண்ணில் ஓர் உயிரும் பலியாகாமல், இந்நாடு சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டது. அந்த நான்கு ஆண்டுகள் ‘பாடும் புரட்சி’ என்று அழைக்கப்படுகின்றன. பெருந்திரளாகக் கூடி ஒரே குரலில் பாடும் வழக்கம் அங்கே அதற்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. புரட்சிக்குத் தேவைப்பட்ட கூட்டமும் கட்டுப்பாடும் திடலும் அந்த வழக்கத்திலிருந்தே கிடைத்தன.

வழக்கத்தின் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஸ்தோனியா ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. ஆனால் நிலமும் நகர நிர்வாகமும் தேவாலயமும் பால்டிக் ஜெர்மானியப் பிரபுக்களின் கையில் இருந்தன. எஸ்தோனிய மொழி பேசியவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். ஒரு காலத்தில் பண்ணையோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். நாட்டின் வடபகுதியில் 1816இலும், தென்பகுதி அடங்கிய லிவோனியாவில் 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிந்தது. லூத்தரன் தேவாலயங்களும் மொராவிய சபையாரின் பிரார்த்தனைக் கூடங்களும் அந்த உழவர்களுக்குப் பல குரல்களில் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தன. கிராமப் பள்ளி ஆசிரியரே பெரும்பாலும் பாடகர் குழுவின் நடத்துநராகவும் இருந்தார்.

லிவோனியாவில் அடிமை முறை ஒழிந்ததன் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1869 ஜூனில் தார்த்து நகரில் முதல் பாட்டு விழா நடந்தது. பத்திரிகையாளர் யோஹான் வோல்டெமர் யான்சென் அதை முன்னின்று நடத்தினார். எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கலந்துகொண்டனர், எல்லாரும் ஆண்கள். நிகழ்ச்சியில் ஜெர்மானியப் பாடல்களே மிகுதியாக இருந்தன. எஸ்தோனியர் எழுதி எஸ்தோனியர் இசையமைத்தவை இரண்டுதான். இரண்டையும் எழுதியவர் யான்செனின் மகளும் கவிஞருமான லிடியா கோய்துலா; இசையமைத்தவர் அலெக்சாந்தர் குனிலெய்த். யான்செனே எழுதி, பின்லாந்தின் பிரெட்ரிக் பாசியஸ் இசையில் பாடப்பட்ட மற்றொரு பாடல் பிற்காலத்தில் நாட்டுப்பண் ஆனது.

விழாவுக்குப் பேரரசின் அனுமதி வேண்டியிருந்ததால், பின்னர் வந்த விழாக்கள் சில சக்கரவர்த்தியின் ஆட்சி ஆண்டு நிறைவையும் முடிசூட்டலையும் காரணம் காட்டியே நடத்தப்பட்டன. காரணம் எதுவாக இருந்தாலும், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்கள் ஓரிடத்தில் கூடித் தாங்கள் எத்தனை பேர் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். உழவரின் பேச்சு என்று இகழப்பட்ட மொழி ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒலித்தது.

சுதந்திரமும் இழப்பும்

ரஷ்யப் பேரரசு சரிந்த பின் 1918 பிப்ரவரி 24 அன்று எஸ்தோனியா சுதந்திரக் குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. தொடர்ந்து நடந்த போரின் முடிவில், 1920 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான தார்த்து அமைதி உடன்படிக்கையில் சோவியத் ரஷ்யா அந்தச் சுதந்திரத்தை ஏற்றது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகள் நாடு தன் காலில் நின்றது.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட மோலோதோவ்–ரிப்பன்திராப் ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவு, எஸ்தோனியாவைச் சோவியத் செல்வாக்கு மண்டலத்தில் சேர்த்தது. 1940 ஜூனில் செஞ்சேனை நாட்டைக் கைப்பற்றியது. 1941 ஜூன் 14 அன்று தொடங்கிய நாடுகடத்தலில் சுமார் 10,000 பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டனர். 1941 முதல் 1944 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பு. அதன்பின் மீண்டும் சோவியத் ஆட்சி. 1949 மார்ச்சில் மேலும் 20,000க்கும் அதிகமானோர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே மிகுதி.

சோவியத் ஆட்சி பாட்டு விழாவைத் தடை செய்யவில்லை. தனக்குப் பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தது. லெனினையும் ஸ்டாலினையும் போற்றும் பாடல்கள் நிகழ்ச்சி நிரலில் ஏறின. மேடையைச் செங்கொடிகள் சூழ்ந்தன. கோய்துலாவின் 1869ஆம் ஆண்டுப் பாடல்களில் ஒன்றுக்கு இசையமைப்பாளர் குஸ்டாவ் எர்னெசாக்ஸ் 1944இல் புதிய மெட்டு அமைத்திருந்தார். தாய்நாட்டின் மீதான அன்பைச் சொல்லும் அந்தப் பாடல் 1947 விழாவில் பாடப்பட்டு, பிறகு நிரலிலிருந்து மறைந்தது. 1950 விழாவுக்கு முன் ஆல்பிரெட் கரிந்தி, ரீஹோ பேட்ஸ், தூதுர் வெத்திக் ஆகிய மூன்று முன்னணி இசைஞர்கள் கைதாயினர்.

1960இல் தலைநகர் தாலினின் விழாத் திடலில் கட்டடக்கலைஞர் அலார் கோத்லி வடிவமைத்த பெரிய வில்வளைவு மேடை எழுந்தது. அவ்வாண்டு விழாவில், நிரலில் இல்லாத கோய்துலாவின் பாடலைப் பாடகர்களும் கூட்டத்தாரும் தாமாகவே பாடினர். 1965 முதல் அதை அதிகாரபூர்வ நிரலில் சேர்ப்பதைத் தவிர ஆட்சியாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நாட்டுப்பண் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அதன் இடத்தை இந்தப் பாடல் பிடித்துக்கொண்டது. பள்ளிகளிலும் ஆலைகளிலும் கூட்டுப்பண்ணைகளிலும் இயங்கிய குழுக்கள் ஒவ்வொரு விழாவுக்கும் ஒரே பாடல் தொகுப்பைப் பயிற்சி செய்தன. இதனால் நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தவர்களும் ஒத்திகை இல்லாமலே சேர்ந்து பாடக்கூடியவர்களாக இருந்தனர்.

1987–1988: மௌனம் கலைதல்

சோவியத் தலைவர் கொர்பச்சோவின் வெளிப்படைத்தன்மைக் கொள்கை பேச்சுக்குச் சற்று இடம் கொடுத்தபோது, முதலில் எழுந்தது சுற்றுச்சூழல் பிரச்சினை. வடகிழக்கில் உள்ள விரு வட்டாரத்தில் பாஸ்பரைட் சுரங்கங்கள் தோண்ட மாஸ்கோ திட்டமிட்டது. நிலத்தடி நீர் கெடும், வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடியேற்றப்படுவார்கள் என்ற அச்சத்தில் 1987 வசந்தத்தில் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. எதிர்த்தால் பலன் உண்டு என்பதை மக்கள் அப்போது கண்டுகொண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, தாலினின் ஹிர்வே பூங்காவில் கூடியவர்கள் 1939 ரகசிய ஒப்பந்தத்தை வெளியிடுமாறு கோரினர்.

1988 ஏப்ரலில் தார்த்துவில் நடந்த பாரம்பரிய விழாவில் தடைசெய்யப்பட்ட தேசியக் கொடியின் நிறங்கள் மீண்டும் வெளிவந்தன. கொடியாகச் சேர்க்காமல் நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று தனித்தனித் துணிகளாக அவற்றை ஏந்திச் சென்றனர். அதே மாதம் அரசியல்வாதி எட்கர் சவிசார் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் முன்வைத்த யோசனையிலிருந்து மக்கள் முன்னணி என்ற இயக்கம் பிறந்தது. மே மாதம் இசையமைப்பாளர் அலோ மாத்தீசென், பழைய தேசப்பற்றுப் பாடல்களின் அடிகளை ராக் இசையோடு இணைத்த ஐந்து பாடல்களை மேடையேற்றினார். பாட்டன் காலத்துப் பாட்டு பேரன்களின் இசையில் திரும்பி வந்தது.

ஜூனில் தாலின் பழைய நகர விழா முடிந்த இரவுகளில் இளைஞர்கள் கலைந்து போகாமல் பாட்டு விழாத் திடலுக்கு நடந்தார்கள். பால்டிக் கரையில் ஜூன் மாத வானம் முழுதாக இருட்டுவதில்லை. அந்த மங்கிய வெளிச்சத்தில் பல இரவுகள் தொடர்ச்சியாக, விடியும்வரை பாட்டு நடந்தது. சில இரவுகளில் கூட்டம் ஒரு லட்சத்தை எட்டியதாக மதிப்பிடப்படுகிறது. பல்லாண்டுகளாக ஒளித்து வைக்கப்பட்டிருந்த கொடிகள் வெளியே வந்தன, காவல்துறை தலையிடவில்லை. சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் புரட்சி செய்கிற ஒரு மக்களைப் பற்றி ஓவியர் ஹைன்ட்ஸ் வால்க் அந்த நாள்களில் எழுதிய கட்டுரையிலிருந்தே ‘பாடும் புரட்சி’ என்ற பெயர் நிலைத்தது. ஜூன் 16 அன்று, மாஸ்கோவுக்கு நெருக்கமான கட்சித் தலைவர் கார்ல் வைனோ பதவியிழந்தார். ஒரு வாரத்தில் மூவண்ணம் சட்டபூர்வமாக அனுமதிக்கப்பட்டது.

செப்டம்பர் 11 அன்று அதே திடலில் நடந்த ‘எஸ்தோனியாவின் பாட்டு’ கூட்டத்துக்கு மூன்று லட்சம் பேர் வரை வந்ததாக மதிப்பிடப்படுகிறது. பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் திரிவிமி வெல்லிஸ்தே அங்கேதான் சுதந்திரத்தை மீட்கும் கோரிக்கையைப் பெருங்கூட்டத்தின் முன் வெளிப்படையாக வைத்தார். நவம்பர் 16 அன்று எஸ்தோனிய உச்ச சோவியத், தன் சட்டங்களே மேலானவை என்று இறையாண்மைப் பிரகடனம் செய்தது.

1989–1991: பொறுமையின் பாதை

1989 பிப்ரவரி 24 அன்று தாலினின் பிக் ஹெர்மான் கோபுரத்தில் நீலம்–கறுப்பு–வெள்ளைக் கொடி ஏறியது. ஆகஸ்ட் 23 அன்று, ரகசிய ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மனிதச் சங்கிலி அமைந்தது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் பேர் கைகோத்து நின்ற இந்த நிகழ்வு ‘பால்டிக் பாதை’ எனப்படுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயமே ரகசியப் பிரிவுகளைக் கண்டித்து, அவை சட்டப்படி செல்லாதவை என்று தீர்மானித்தது. பால்டிக் நாடுகள் விரும்பி இணைந்தன என்ற சோவியத் வாதத்தின் அடித்தளம் இதனால் ஆட்டம் கண்டது.

நாட்டுக்குள் எல்லாரும் ஒரே கருத்தோடு இருக்கவில்லை. மக்கள் முன்னணி இருக்கிற அமைப்புகள் வழியாகவே படிப்படியாக முன்னேற விரும்பியது. 1918இன் குடியரசு சட்டப்படி இன்னும் உயிரோடிருக்கிறது, அதன் குடிமக்களே முடிவெடுக்க வேண்டும் என்று அந்தக் குடிமக்களின் பிரதிநிதி மன்றமான எஸ்தோனியப் பேராயம் வாதிட்டது. சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழியினரில் ஒரு பகுதியினர் இன்டர்பிரன்ட் என்ற அமைப்பின் கீழ் பிரிவினையை எதிர்த்தனர்.

1990 மே 15 அன்று இன்டர்பிரன்ட் ஆதரவாளர்கள் அரசு இயங்கிய டூம்பேயா கோட்டையின் முற்றத்துக்குள் புகுந்தனர். அப்போது அரசாங்கத் தலைவராக இருந்த சவிசார் வானொலியில் உதவி கோரினார். சிறிது நேரத்தில் பல்லாயிரம் எஸ்தோனியர்கள் அங்கே திரண்டு, உள்ளே புகுந்தவர்களைச் சூழ்ந்துகொண்டனர். அடிதடி எளிதில் மூண்டிருக்கலாம். ஆனால் கூட்டம் நடுவே விலகி வழிவிட்டது. புகுந்தவர்கள் அந்த வழியாகப் பாதிப்பின்றி வெளியேறினர். பாடும் புரட்சியின் உண்மையான சோதனை நாள் இதுவே எனலாம்.

1991 ஜனவரி 13 அன்று லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் சோவியத் படைகளின் தாக்குதலில் 14 பேர் உயிரிழந்தனர். தாலினில் டூம்பேயாவுக்குச் செல்லும் வழிகளில் பெரும்பாறைகள் வைக்கப்பட்டன. அன்றே ரஷ்யத் தலைவர் போரிஸ் யெல்த்சின் தாலினுக்கு வந்து பால்டிக் நாடுகளுக்கு ஆதரவு தெரிவித்தார். மார்ச் 3 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் எல்லா மொழியினரும் வாக்களித்தனர், 77.8 விழுக்காட்டினர் சுதந்திரத்தை ஆதரித்தனர். ரஷ்ய மொழியினரிலும் ஒரு கணிசமான பகுதியினர் அவர்களுள் அடங்குவர்.

ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோவில் கொர்பச்சோவுக்கு எதிரான ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தொடங்கியது. சோவியத் கவச வண்டிகள் தாலினை நோக்கிப் புறப்பட்டன. அதுவரை முரண்பட்டிருந்த உச்ச மன்றமும் (முன்னாள் உச்ச சோவியத்) எஸ்தோனியப் பேராயமும் அந்த நெருக்கடியில் உடன்பாட்டுக்கு வந்தன: புதிய நாட்டை உருவாக்குவதில்லை, பழைய குடியரசை மீட்பது, அரசியல் சட்டம் வரையும் அவையில் இரு தரப்பும் சமமாக இடம்பெறுவது. ஆகஸ்ட் 20 இரவு 11 மணியைக் கடந்த வேளையில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 69 உறுப்பினர்கள் ஆதரித்தனர். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. மறுநாள் தாலின் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் படையினர் கைப்பற்ற முயன்றனர். ஆனால் மாஸ்கோவில் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும் பின்வாங்கினர். ஆகஸ்ட் 22 அன்று ஐஸ்லாந்து முதல் நாடாக அங்கீகரித்தது. சோவியத் ஒன்றியம் செப்டம்பர் 6 அன்று அங்கீகரித்தது. செப்டம்பர் 17 அன்று எஸ்தோனியா ஐ.நா.வில் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின்

மகிழ்ச்சியோடு சிக்கல்களும் வந்தன. ரூபிளின் மதிப்பு சரிந்து, கடைகள் வெறுமையாக இருந்த காலத்தில் 1992 ஜூனில் குரோன் என்ற சொந்த நாணயம் அறிமுகமானது. கடைசி ரஷ்யப் படைகள் வெளியேற 1994 ஆகஸ்ட் 31 வரை ஆனது. குடியுரிமை 1940க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே தானாகக் கிடைத்தது. மற்றவர்கள் மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்ததால், ரஷ்ய மொழியினரில் பலர் நீண்ட காலம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி இருந்தனர்.

இன்று எஸ்தோனியா இரண்டு நாள்களைக் கொண்டாடுகிறது. பிப்ரவரி 24 சுதந்திர நாள். ஆகஸ்ட் 20 சுதந்திரம் மீட்கப்பட்ட நாள். மூன்று பால்டிக் நாடுகளின் பாட்டு, நடன விழாக்கள் 2008 முதல் யுனெஸ்கோவின் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் உள்ளன. 2019இல் பாட்டு விழாவின் 150ஆம் ஆண்டு நிறைவில் 30,000க்கும் அதிகமான பாடகர்கள் தாலின் திடலில் கூடினர். யான்சென் எழுதிய நாட்டுப்பண்ணுக்கு இப்போது தடையில்லை. ஆயினும் விழாவை நிறைவு செய்யும் பாடலாக வழக்கத்தில் நிலைத்திருப்பது அவருடைய மகள் எழுதிய பாடலே. அது தொடங்கியதும் திடல் முழுவதும் எழுந்து நிற்கிறது.