ஹோனஸ் வாக்னரும் வெட்டப்பட்ட ஓரங்களும்

2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பழைய சிகரெட் அட்டை 7.25 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அளவு ஏறக்குறைய நாலு சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர். ஆரஞ்சு நிறப் பின்னணி, நடுவகிடு எடுத்த ஒரு மனிதரின் மார்பளவுப் படம், சட்டையில் பிட்ஸ்பர்க் என்ற எழுத்துகள், கீழே வாக்னர் என்ற பெயர். அவ்வளவுதான். பேஸ்பால் விதிகள் எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. நம் பக்கம் அதை விளையாடுபவர்களும் குறைவு. ஆனால் இந்த அட்டையின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு ஆட்டம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

கதை புகையிலையில் தொடங்குகிறது. அன்றைய சிகரெட் பெட்டி மெல்லிய தாளால் ஆனது, லேசாக அழுத்தினாலே உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதைத் தாங்குவதற்காகச் செருகிய வெறும் அட்டையில் படம் அச்சிட்டால் வியாபாரமும் பெருகும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நடிகைகள், கொடிகள், பறவைகள், பிறகு ஆட்டக்காரர்கள். ஜேம்ஸ் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி போட்டியாளர்களை ஒவ்வொன்றாக விழுங்கிய பெரும் நிறுவனம். 1909 முதல் 1911 வரை அது தன் 16 புகையிலைப் பெயர்களில் 500க்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை வெளியிட்டது. அதே 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோகம் என்று சொல்லி அந்தக் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரிக்க உத்தரவிட்டது. கம்பெனி உடைந்தது, அட்டைகள் தங்கின. அதிலும் போலார் பேர் என்ற பெயரில் வந்தவற்றைத் தனியாக அடையாளம் காணலாம். அது மெல்லும் புகையிலை. ஈரப்பொடியோடு பையில் கிடந்ததால் பல அட்டைகளில் பழுப்புக் கறை இன்றும் இருக்கிறது.

இந்தத் தொகுப்பில் ஹோனஸ் வாக்னரின் படமும் அச்சானது. பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறிகளின் மகன். 12 வயதில் பள்ளியை விட்டுவிட்டு அப்பாவோடு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். எட்டு முறை நேஷனல் லீக்கின் சிறந்த மட்டையாளர். 1936இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வான முதல் ஐந்து பேரில் ஒருவர். இப்படிப்பட்ட ஒருவரின் அட்டைதான் தொகுப்பில் அதிகம் புழங்கியிருக்க வேண்டும். இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 60தான். ஏன்?

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாக்னரின் அனுமதியையும் படத்தையும் வாங்கித் தந்தால் 10 டாலர் தருகிறோம் என்று ஜான் குரூபர் என்ற பிட்ஸ்பர்க் செய்தியாளரிடம் கம்பெனி சொல்லியிருக்கிறது. குரூபர் எழுதிக் கேட்டார். தன் படம் சிகரெட்டோடு போவதில் விருப்பமில்லை, ஆனால் உங்களுக்கு நட்டம் வரக் கூடாது என்று பதில் எழுதி, கூடவே 10 டாலருக்கு ஒரு காசோலையும் வைத்து அனுப்பினார் வாக்னர். 1912இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை இதை வெளியிட்டது. குரூபர் அந்தக் காசோலையை மாற்றவே இல்லையாம். சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் அட்டைக்காகச் சிகரெட் வாங்கிக் கெட்டுப்போவார்கள் என்ற கவலையில்தான் வாக்னர் மறுத்தார் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சிலருக்கு இதில் நம்பிக்கையில்லை. அவரே புகையிலை மெல்லுபவர், அவர் பெயரில் சுருட்டு வந்திருக்கிறது, காசு பத்தாமல்தான் மறுத்திருப்பார் என்பது அவர்கள் கட்சி. எனக்கு இந்த இரண்டாவது கட்சி கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. தான் மெல்லுகிற ஒன்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று நினைக்காத தகப்பன்மார் நம் தோட்டப்புறங்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காசுதான் குறி என்றால் கையிலிருந்து 10 டாலரை எதற்கு அனுப்புகிறார்? ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1940களின் இறுதியில் லீஃப் நிறுவனம் சூயிங்கத்தோடு ஓர் அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. பிள்ளைகளுக்கானது. அதில் வயதான வாக்னர் புகையிலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! அந்த அட்டை சாதாரண விலைக்கே கிடைக்கும்.

அட்டையைப் பணமாக்கியது பிறகு வந்த சந்தை. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி ஒரு வாக்னர் அட்டையை 25,000 டாலருக்கு வாங்கினார். 1987இல் அதை 110,000க்கு விற்றார். 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் முதலாளியும் சேர்ந்து 451,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அட்டைகளின் நிலையைப் பார்த்து எண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது தரமிட்ட முதல் அட்டையே இதுதான். பத்துக்கு எட்டு. 80 வருடப் பழசு, முனை மழுங்கவில்லை, ஓரம் கத்தி போல் இருக்கிறது என்று எல்லோரும் வியந்தார்கள்.

கத்தி போலத்தான் இருக்கும், கத்தி பட்டிருக்கிறதே. ஏல மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு எண் தரக் கூடாது என்பது பி.எஸ்.ஏ.வின் சொந்த விதி. இதற்குள் அட்டை எங்கெல்லாமோ போய்வந்துவிட்டது. வால்மார்ட்டின் விளம்பரப் போட்டியில் பரிசாக அது ஃபுளோரிடாவில் ஓர் அஞ்சலக ஊழியருக்கு விழுந்தது. பரிசுக்கான வரியைக் கட்ட வசதியில்லாமல் அந்த அம்மா ஏலத்துக்கு விட்டார். 2007இல் 2.8 மில்லியனுக்குப் போனது. ஒரு பையன் சட்டைப்பையில் வைத்துத் திரிந்து, நண்பர்களிடம் காட்டி, மூலை தேய்ந்துபோன அட்டைக்குச் சந்தை ஒன்றோ இரண்டோதான் போடும். யாரும் ஆசையாகத் தொடாததுக்குத்தான் எட்டு. எனக்கு எரிச்சலூட்டுவது இந்தக் கணக்குதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 500க்கும் மேற்பட்ட முகங்களில் ஒரு கறுப்பின அமெரிக்கர்கூட இல்லை. லீக்குகள் அவர்களை உள்ளே விடவில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை இதே நிலைதான். ஜோஷ் கிப்சன் போன்ற மாபெரும் மட்டையாளர் அந்த வருடத் தொடக்கத்திலேயே இறந்துபோனார். அரிய அட்டை என்று பேசும்போது, அச்சிடவே படாத அட்டைகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

1952ஆம் ஆண்டின் டாப்ஸ் மிக்கி மேன்ட்டல் அட்டை 2022இல் 12.6 மில்லியனுக்குப் போய் வாக்னரை முந்திவிட்டது. விற்காமல் கிடந்த 1952 பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிப் போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அதை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்ததை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். நம் வீடுகளில் பழைய பேப்பர் லாரி செய்த வேலை.

எனக்குப் பிடித்தவர் இந்தக் கூட்டத்திலேயே வேறு மாதிரியான ஆள். ஜெஃபர்சன் பர்டிக், சிராக்யூஸ் நகரத்து ஆலைத் தொழிலாளி, கல்யாணம் ஆகாதவர். அமெரிக்க அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டு எண் கொடுத்தவர் இவர்தான். 1909 தொகுப்பை உலகம் இன்று டி206 என்று அழைப்பது அவர் வைத்த பெயரால். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு போகவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்ட நிலையிலும் அங்கேயே வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். பசை போட்டுத்தான். 1963 ஜனவரி 10ஆம் தேதி வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். அவர் ஒட்டியவற்றில் ஒரு வாக்னரும் இருக்கிறது.