உமலுக்குள் பாண் வாங்கி வந்த கதை



போன கிழமை எங்கள் வீட்டில் நடந்த ஒரு விசயம்தான் இதை எழுத வைத்தது. காலையில் கோழி இறைச்சி வாங்கி வந்த துணிப்பையிலேயே பின்னேரம் பாணும் வாழைப்பழமும் வாங்கி வந்துவிட்டோம். பையின் அடியில் இறைச்சித் தண்ணீர் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அதைக் கண்ட மூத்தம்மா, "என்ன புள்ள இது, உமலுக்குள்ளயா பாண் வாங்கிட்டு வந்த?" என்று கேட்டார். பாணை வீசிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் நம் ஊர்களின் ஒரு பழைய சரித்திரமே இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பை இருந்ததில்லை. மீனுக்குப் பனையோலையில் இழைத்த உமல். இறைச்சிக்குத் தேக்கிலை. பருப்புக்கும் சீனிக்கும் கடைக்காரர் சுருட்டித் தரும் கடதாசிச் சரை. அரிசி, மரக்கறிக்குப் பன்னில் இழைத்த பை, அல்லது கோதுமை மா வந்த துணிப்பையை வெட்டித் தைத்த பை. உமலில் மீன்தான் வரும், வேறொன்றும் வராது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவி வேலியில் வெயில் படக் கொழுவிவிடுவார்கள். இறைச்சி சுற்றிய இலை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். மாப்பையைச் சவர்க்காரம் போட்டு அவித்துத் துவைப்பார்கள். பற்றீரியா என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வேலை மட்டும் சரியாக நடந்தது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லச் சொப்பிங் பேக் எல்லாக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. வாங்கு, வீசு. கழுவும் வேலை இல்லை. பையைக் கழுவும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் நம் கையை விட்டுப் போனது.

வீசியது எங்கே போனது? கானுக்குள், களப்புக்குள், ஆடுமாட்டின் வயிற்றுக்குள். 2007இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனை அரசாங்கம் தடை செய்தது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே வருடம் செப்டம்பர் 1 முதல் லன்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பேக்கைக் கடைகளில் சும்மா கொடுக்கக் கூடாது என்றானது. இப்போது நாம் எல்லோரும் திரும்பவும் பையோடு கடைக்குப் போகிறோம். நல்ல மாற்றம்தான். ஆனால் பை திரும்பி வந்த அளவுக்கு, அதைக் கழுவும் பழக்கம் திரும்பி வரவில்லை.

இதில் என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் கடைக்கு வந்தவர்களிடம் 84 பைகளை வாங்கிச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2011இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்ட பைகளில் கோலிபோர்ம் பற்றீரியா இருந்தது. 8 சதவீதத்தில் ஈ.கோலை இருந்தது. பையை ஒருநாளும் கழுவுவதில்லை என்பதே பெரும்பாலானோர் சொன்ன பதில். இறைச்சித் தண்ணீர் பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வைத்தபோது பற்றீரியா பத்து மடங்கானது. நம் வெயிலில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கும் பையை நினைத்துப் பாருங்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இரசாயன உற்பத்தியாளர்களின் அமைப்புத்தான். என்றாலும் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: கையாலோ மெசினாலோ கழுவினால் 99.9 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே இதற்கு மருந்து பொலித்தீனுக்குத் திரும்புவதல்ல.

2010இல் அமெரிக்காவின் ஒரு சிறுமியர் உதைபந்தாட்டக் குழுவில் ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்தது. அவள் இருந்த குளியலறையில் தின்பண்டப் பை ஒன்று இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் அதிலிருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்ட மற்றப் பிள்ளைகளுக்கும் நோரோ வைரஸ் தொற்றியது. பையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இது ஒரு பாடம்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படிச் செய்கிறோம். மீன், இறைச்சிக்கு ஒரு பை, அதற்கு வேறு நிறம். பாண், பழம், மரக்கறிக்கு இன்னொன்று. மீன் பையை வந்தவுடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, நன்றாகக் காயும் வரை வெயிலில் போடுகிறோம். மற்றப் பையைக் கிழமைக்கு ஒரு முறை கழுவுகிறோம். ஈரத்தோடு மடிப்பதில்லை. சமைக்கும் மேசையில் பையை வைப்பதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளில் வீடு வீடாகக் குர்பான் இறைச்சி கொடுக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். அன்றைக்கு இறைச்சி சுமந்த பையில்தான் மறுநாள் பிள்ளையின் பாண் வரப்போகிறது. இன்றைக்கே உங்கள் பையைத் திருப்பி, அடித் தையலை ஒரு தடவை பாருங்கள். உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் அந்தக் காலத்துப் பைகளைப் பற்றியும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கீழே எழுதுங்கள், எல்லோரும் வாசிப்போம்.