முதியோர் இல்லங்களில் மகிழ்ச்சி நாட்கள்: ஒரு வரலாற்று நோக்கு



விழா மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை வேறு பக்கங்களில் காண்பீர்கள். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையானது. முதியோர் இல்லங்களில் ஆட்டமும் பாட்டும் கலந்த விழா நாட்கள் எவ்வாறு தோன்றின, அவற்றை எவ்வாறு அமைப்பது என்பதே அது. தள்ளாத வயதில் விளையாட்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்கள் பழைய வரலாற்றைச் சிறிது பார்க்கட்டும்.

1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஏழையர் சட்டம், ஆதரவற்ற முதியோரைப் பணியில்லங்களுக்குள் சேர்த்தது. சோறும் கூரையும் கிடைத்தன. ஆனால் வாழ்நாளெல்லாம் இணைந்திருந்த கணவனையும் மனைவியையும் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைத்தனர்! அறுபது வயது கடந்த தம்பதியர் ஓர் அறை கேட்கலாம் என 1847இல்தான் விதி தளர்ந்தது. படிக்க நூல்களும், முதியோருக்குப் புகையிலையும் தேயிலையும் அனுமதிக்கப்பட 1890கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பசியைத் தீர்ப்பதோடு கடமை முடிந்தது என்று கருதியதன் விளைவு இது.

அதே காலத்தில் பிரான்சு நாட்டில் வேறொரு வழி திறந்தது. கன்கால் என்னும் கடற்கரை ஊரில் 1792இல் பிறந்தவர் ழான் ஜுகான். மீனவரான தந்தையைக் கடலில் இழந்து, சமையற்கட்டில் வேலை பார்த்து வளர்ந்தவர். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தம் வீட்டிற்குக் கொணர்ந்து, தம் கட்டிலையே அவருக்குத் தந்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபைக்கு அதுவே வித்து. கூடையேந்தி வீடு வீடாகச் சென்று முதியோருக்காக இரந்தார். ஆயினும் தலைமை அவரிடமிருந்து பறிக்கப்பட, கடைசி 27 ஆண்டுகள் தாம் நிறுவிய சபையிலேயே பெயரற்றவராக வாழ்ந்து 1879இல் மறைந்தார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். முதியோரை மகிழ்விப்பதே முதன்மை என்பது அவர் தம் சகோதரிகளுக்குக் கற்பித்த பாடம். இச்சபையார் 1882இல் கல்கத்தாவிலும், 1900இல் பெங்களூரிலும், பின்னர் சென்னையிலும் இல்லம் கண்டனர்.

அதே 1882இல் இங்கிலாந்தில் பிரபாசோன் சீமாட்டி ஒரு திட்டம் தொடங்கினார். பணியில்லத்தில் சும்மா முடங்கிக் கிடந்த நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பின்னல், தையல் முதலிய கைவேலைகளைக் கொடுத்தார். கை அசைந்தால் மனம் அசையும் என்பது அவர் கண்ட உண்மை. 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், முதியோர் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியன்று, வாழ்வைத் திரும்பிப் பார்த்து நிறைவு காணும் முயற்சி என்று எழுதினார். நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பார்கள்!

தமிழகத்தில் 1978இல் சாவித்திரி வைத்தி அம்மையார் சென்னையில் விஸ்ராந்தி இல்லத்தை நிறுவினார். பெற்றோரைப் பேணும் சட்டம் 2007இல் வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் சூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார்.

இனி நம் பக்கத்து நடைமுறைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் வந்தால் முதியோர் இல்லங்களில் கூட்டம் தாங்காது. வாழைப்பழமும் ரொட்டியும் வழங்கி, இரண்டு பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஆடி மாதத்தில் யார் போகிறார்கள்? விழா நாட்களை ஆண்டு முழுவதும் பரவலாக வைப்பதே திட்டமிடுதலின் முதற்படி. அடுத்தது, அவர்களையே கேட்பது. இன்று எண்பது வயதானவர் 1960களின் நடுவில் இருபது வயது இளைஞர். அவருக்குத் தியாகராஜ பாகவதர் பாட்டைப் போட்டால் அது அவருடைய அப்பாவின் பாட்டு. ‘பாசமலர்’ (1961), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) என்றால் முகம் மலரும்.

கீரனூர்ப் பக்கத்தில் ‘சந்தை நாள்’ ஒன்று நடத்திப் பார்க்கலாம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை அறியாத முதியவர் இங்கு அரிது. நாலு சாக்கு விரித்து, கத்தரி, முருங்கை, சின்ன வெங்காயம் பரப்பி, பழைய தராசு ஒன்றை வைத்தால் போதும். பேரம் தானாகவே தொடங்கும். பேச மறந்தவர்களும் விலை சொல்வார்கள். வாங்கிய காயையே மதியம் சமைக்கலாம். இன்னொரு நாள் தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம். ஆட்டம் தெரியாத நம் இளையோர் அன்று மாணவராக உட்காரட்டும்.

சில எச்சரிக்கைகள். காலை பத்து மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுக. பிற்பகல் உறக்கத்தைக் கெடுக்காதீர். ஒலிபெருக்கி வேண்டா, காது மந்தமானோர்க்கு அது இரைச்சலே. சர்க்கரை நோயாளரைக் கேட்டே இனிப்பு வழங்குக. மாறுவேடம் போடச் சொல்லிப் பெரியவர்களைச் சிறு பிள்ளைகளாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. அவர்களே விரும்பினால் வேறு. ஓரமாக அமர்ந்து பார்க்க மட்டும் விரும்புவோரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டா. நாற்காலியை நிழலில் போட்டு, ஒரு கோப்பைக் காப்பியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்க.