ஒயரின் மறுமுனை யார் கையில்? கேபிள் டிவியிலிருந்து ஸ்ட்ரீமிங் வரை



"கேபிளை நிறுத்திட்டு ஒரு ஸ்டிக் வாங்கி டிவிக்குப் பின்னாடி சொருகிட்டா என்ன?" இந்தக் கேள்வி சென்னை அடுக்குமாடி வீடுகளில் மட்டும் கேட்பது அல்ல. விருத்தாசலம் பக்கம் நல்லூர் போன்ற ஊர்களிலும் இதே பேச்சுதான். பிள்ளைகள் "எல்லாம் ஓடிடியிலேயே வருது" என்பார்கள். பாட்டி "என் சீரியல் வருமா?" என்பார். அப்பா மாதக் கணக்குப் போடுவார்.

பொதுவாக இதைப் பணக் கணக்காகவே பேசி முடித்து விடுகிறோம். கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால் இன்னொரு விஷயம் தெரிகிறது. கடந்த 50 ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் டிவி ஐந்து விதமாக வந்திருக்கிறது: ஆண்டெனா, டெக், கேபிள், செட்டாப் பாக்ஸ், இப்போது ஸ்டிக். ஒவ்வொரு முறையும் "இனிமேல் நீங்கள் விரும்பியதைப் பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒருவர் பிடியை வைத்திருந்தார். அந்த ஒருவர் யார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஆண்டெனா காலம்

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வர 16 ஆண்டுகள் ஆயின. 1975 ஆகஸ்ட் 15-ல்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பம். ஒரே சேனல், அதுவும் மாலை நேரம் சில மணி நேரம். வண்ணம் வந்தது 1982-ல்.

மறுமுனையில் இருந்தது மத்திய அரசு. 1980-களின் நடுப்பகுதி வரை டிவி வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்குத் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும் என்றால் இன்று நம்புவீர்களா?

சென்னையிலிருந்து தூரம் கூடக் கூட வீட்டு மாடியில் ஆண்டெனாக் கம்பத்தின் உயரமும் கூடியது. காற்றடித்தால் யாராவது மேலே ஏறித் திருப்ப வேண்டும், கீழே ஒருவர் "இப்ப தெரியுது, இப்ப தெரியல" என்று கத்த வேண்டும். கடலோர மாவட்டங்களில் 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பூஸ்டர் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெரு காலியாக இருந்ததை அந்தத் தலைமுறையினர் எல்லோருமே சொல்வார்கள். அரசு கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆனால் டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்த்தது.

டெக் வந்தது, பிறகு ஒயர் வந்தது

கேபிள் டிவி என்றால் சாட்டிலைட் என்றே நினைக்கிறோம். உண்மையில் ஒயர்தான் முதலில் வந்தது! 1980-களின் நடுவில் மும்பை அடுக்குமாடிகளில் ஒரே ஒரு வீடியோ டெக்கை வைத்து, அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். நம் ஊர்களில் டிவியும் டெக்கும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டிய காலம் அது. 1990-ல் கலாநிதி மாறன் 'பூமாலை' என்று ஒரு வீடியோ செய்தி இதழையே கேசட்டில் கொண்டு வந்தார்.

1991 ஜனவரியில் வளைகுடாப் போர். சி.என்.என். போரை நேரடியாகக் காட்டியது. டிஷ் வைத்திருந்த ஹோட்டல்களில் கூட்டம் கூடியது. அதே ஆண்டு ஸ்டார் டிவி ஆசியாசாட்-1 வழியாக வந்தது. டெக் வைத்து ஒயர் இழுத்திருந்தவர்கள் மாடியில் ஒரு டிஷ்ஷையும் வைத்தார்கள், அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய கம்பெனி தேவைப்படவில்லை. ஒரு டிஷ், சில ரிசீவர்கள், ஒரு மாடுலேட்டர் வரிசை, சுருள் சுருளாக ஒயர், கரண்ட் கம்பத்தில் ஏறத் தெரிந்த இரண்டு பையன்கள் போதும். ஒயரில் தூரம் போகப் போக சிக்னல் இளைக்கும். அதனால் நடுவில் அங்கங்கே ஆம்பிளிஃபயர் வைக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் பக்கத்துத் தெருவில் கரண்ட் போனால் கேபிள் போவது இதனால்தான். கடைசி வீட்டுக்காரருக்கு எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

1995-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒளிபரப்பு அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டப்படி கேபிள் ஆபரேட்டர் பதிவு செய்ய வேண்டிய இடம் எது தெரியுமா? தலைமைத் தபால் நிலையம்! டிவி லைசென்ஸ் போனாலும் தபால் நிலையம் விடவில்லை.

கட்சிக்கு ஒரு சேனல்

தமிழ்நாட்டில் கேபிள் வரலாறு என்பது பாதி அரசியல் வரலாறு. 1999-ல் ஜெயா டிவி, 2006-ல் மக்கள் டிவி, 2007-ல் கலைஞர் டிவி என்று வரிசையாக வந்தன. விருத்தாசலத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2006 தேர்தலில் இந்தத் தொகுதியில் வென்று முதல் முறையாகச் சட்டமன்றம் போனவர் விஜயகாந்த். அவர் தரப்பிலிருந்து 2010 ஏப்ரல் 14-ல் கேப்டன் டிவி வந்தது.

சேனல் தொடங்கினால் போதுமா? போதாது. பழைய அனலாக் ஒயரில் இடம் குறைவு. நல்ல எண்ணில் வைத்தால் படம் பளிச்சென்று தெரியும், ஒதுக்குப்புறமான எண்ணில் வைத்தால் பல டிவிகளில் வரவே வராது. ஆக, எந்தச் சேனலை எந்த எண்ணில் வைப்பது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் உண்மையான அதிகாரம். உள்ளூர் ஆபரேட்டருக்கு மேலே சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் வந்தன. தமிழ்நாட்டில் அதில் முன்னணியில் இருந்தது சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். சேனலும் அவர்களுடையது, ஒயரும் அவர்களுடையது.

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு டிவி போய்ச் சேர்ந்தது. டிவி இலவசம், கேபிளுக்கு மாதம் மாதம் பணம். இதனால் லாபம் யாருக்கு என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. 2007 மே மாதம் தி.மு.க. தலைமைக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிளவு ஏற்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அரசே 'தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம்' தொடங்கியது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது, அரசு கேபிளும் முடங்கியது.

ஆட்சி மாறியதும் 2011 செப்டம்பர் 2-ல் ஜெயலலிதா அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். மாதக் கட்டணம் 70 ரூபாய். ஒரு மாநில அரசு கேபிள்காரராகவே மாறி வீடு வீடாக டிவி கொடுத்தது அபூர்வமான விஷயம். கிராமத்துக் குடும்பங்களுக்கு அது நிஜமான உதவிதான். ஆனால் ஒயரின் மறுமுனை மறுபடி அரசு கைக்கே போனது என்பதையும் மறக்கக் கூடாது.

பெட்டிக்குள் பூட்டு

அடுத்தது செட்டாப் பாக்ஸ். 2003 செப்டம்பர் 1-ல் நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி கட்டாயம் ஆனது. பலர் பெட்டி வாங்காமல் இலவச சேனல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு டிடிஎச் வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிஷ், 2007-ல் சன் டைரக்ட். கேபிளிலும் அனலாக் முறை 2017 மார்ச் 31-ஓடு முடிய வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. 2017-லேயே அரசு கேபிள் இலவசப் பெட்டிகளைக் கொடுக்க ஆரம்பித்தது.

பெட்டியால் படம் தெளிவானது, கடைசி வீட்டுக்கும் புள்ளி இல்லை. 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் விதிப்படி 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. "பார்ப்பதற்கு மட்டும் பணம்" என்றார்கள். பெரும்பாலான வீடுகளில் பில் ஏறியதுதான் மிச்சம்.

பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய ஒயரை நிறுத்த வேண்டுமானால் ஒரு ஆள் கம்பத்தில் ஏற வேண்டும். பெட்டியை எங்கோ உட்கார்ந்தபடி நிறுத்தலாம். 2022 நவம்பரில் அரசு கேபிளுக்கும் மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துக்கும் ஏற்பட்ட தகராறில் பல மாவட்டங்களில் பெட்டிகள் வேலை செய்யாமல் போயின. ஒயர் அறுபடவில்லை, டிஷ் சாயவில்லை, கரண்டும் இருந்தது. படம் மட்டும் வரவில்லை.

ஸ்டிக்கின் கதை

இணையத்திலிருந்து படத்தை இழுத்து டிவியில் காட்டும் சின்னப் பெட்டிகளில் ரோக்கு 2008-ல் அமெரிக்காவில் வந்தது. கூகுளின் குரோம்காஸ்ட் 2013-ல் வந்து, 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு இங்கே இறங்கியது. ஹாட்ஸ்டார் 2015, நெட்ஃபிளிக்ஸ் 2016, சன் நெக்ஸ்ட் 2017 என்று பார்ப்பதற்கும் சரக்கு வந்துவிட்டது.

ஆனால் கதவைத் திறந்தது ஸ்டிக் அல்ல, டேட்டா விலை. டிராய் கணக்குப்படி 2014-ல் ஒரு ஜிபிக்குச் சராசரியாக 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு 2018-ல் அது 12 ரூபாய்க்கும் கீழே போனது.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜிபி செலவாகும். சீரியல், செய்தி, கிரிக்கெட் என்று ஒரு வீட்டில் தினம் 5 மணி நேரம் ஓடினால் 15 ஜிபி. மாதம் 450 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் செல்போன் பேக்கை வைத்து இதை ஓட்ட முடியாது. அதனால் மறுபடி ஒயர் வேண்டும், இந்த முறை ஃபைபர். சின்ன ஊர்களில் அந்த ஃபைபரை இழுத்துக் கொடுப்பது யார்? பல இடங்களில் அதே பழைய கேபிள்காரர்தான்! பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்பை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் வருமானப் பங்கு முறையில் கொடுக்கிறார்கள். கேபிளைக் கட் பண்ணினோம் என்கிறோம். கம்பமும் அதே, ஆளும் அதே, ஒயர் மட்டும் மெலிந்துவிட்டது :-)

செலவும் தானாகக் குறைந்துவிடாது. 2020-ல் ஜியோஃபைபரின் ஆரம்பத் திட்டமே வரியோடு 471 ரூபாய். ஓடிடி சந்தாக்கள் அதற்கு மேலே. 2023-ல் ஐபிஎல்-ஐ ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாருடன் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் முழு மேட்ச் பார்க்கச் சந்தா கேட்டார்கள். 2025 ஜூனில் அமேசான் பிரைம் வீடியோவில் விளம்பரம் வந்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் பணம். கட்டணமும் கட்டி விளம்பரமும் பார்ப்பது என்பது கேபிள் காலத்து வழக்கம்தானே!

மறுமுனை இப்போது எங்கே?

கேபிள்காரர் காலத்தில் மறுமுனை நம் தெருவில் இருந்தது. படம் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்ச் சத்தம் போடலாம். அறுவடைக்குப் பிறகு சேர்த்துத் தருகிறேன் என்றால் பல பேர் ஒத்துக்கொள்வார்கள். அவர் நடத்தும் உள்ளூர் சேனலில் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு விளம்பரம், இரங்கல் செய்தி எல்லாம் வரும். விருத்தாசலம் மாசி மகத் திருவிழாவைக் காட்டலாமா என்று கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனம் யோசிக்குமா?

2025 மார்ச் 9-ல் உலகம் முழுவதும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. காரணம், அவற்றில் இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது. கூகுள் சில நாட்களில் சரி செய்தது. 2022-ல் நம் ஊர் செட்டாப் பாக்ஸுக்கு நடந்ததும் இதுவும் ஒரே மாதிரி இல்லையா? பணம் கொடுத்து வாங்கிய பொருள் நம் டிவியில்தான் சொருகியிருக்கிறது. பூட்டும் சாவியும் வேறு எங்கோ இருக்கின்றன.

இதனால் ஸ்ட்ரீமிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட நிகழ்ச்சிகள், உலக சினிமா, நேரம் கிடைக்கும்போது பார்க்கும் வசதி எல்லாம் கேபிளில் கனவிலும் கிடைக்காதவை. எந்தக் கட்சிச் சேனலை எந்த எண்ணில் வைப்பது என்ற பஞ்சாயத்தும் இதில் இல்லை. மாறுவதற்கு முன் சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ரிமோட்டில் எண்ணை மட்டும் அமுக்கத் தெரிந்த பெரியவர் இருக்கிறாரா? ஃபைபர் பழுதானால் ஓடி வர ஊரில் ஆள் இருக்கிறாரா? எல்லாச் சந்தாவையும் கூட்டினால் மாதம் எவ்வளவு? செய்திக்கும் உள்ளூர் விஷயத்துக்கும் என்ன வழி? கேபிளை விட்டாலும் பழைய தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷை மாடியில் வைத்துக்கொண்டால் மாதக் கட்டணம் இல்லாமல் ஒரு மாற்று வழி இருக்கும்.

1975-ல் டில்லியில் இருந்த பிடி, 1990-களில் தெருமுனைக்கு வந்தது, பிறகு சென்னைக்குப் போனது, இப்போது கடல் கடந்து போயிருக்கிறது. அடுத்த பெட்டி வரும்போதும் "நீங்களே தேர்ந்தெடுக்கலாம்" என்றுதான் விளம்பரம் வரும். அப்போது விலையைக் கேட்பதற்கு முன், மறுமுனை யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.