தலைவலியும் உடன்வரும் நாட்பட்ட வலிகளும்

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனும் ஏனைய கடுந்தலைவலிகளும் உடையோரில் கணிசமானவர்களுக்கு, வேதனை தலையோடு நின்றுவிடாமல் பிடரியிலும் தாடையிலும் இடுப்பிலும் அடிவயிற்றிலும் மாதக்கணக்காக நிலைத்துவிடுவதுண்டு. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையே நாட்பட்ட வலி என்று வைத்திய சாஸ்திரம் வகுத்திருக்கிறது. உடலெங்கும் பரவிய தசைவலியும் தீராத அசதியும் தூக்கக் கேடும் கூடிய ஃபைப்ரோமயால்ஜியா, தாடை மூட்டுக் கோளாறு, கழுத்து வலி, இடுப்பு வலி, குடல் எரிச்சல் நோய், பெண்களுக்கு உண்டாகும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவை இவ்வாறு மைக்ரேனுடன் அடிக்கடி சேர்ந்து காணப்படும் உபாதைகள்.

இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டதனால், தாடைக்குப் பல் வைத்தியரையும், வயிற்றுக்குக் குடல் வைத்தியரையும், இடுப்புக்கு எலும்பு வைத்தியரையும் தனித்தனியே நாடி, எடுத்த படங்களிலும் இரத்தப் பரிசோதனைகளிலும் குறையொன்றும் அகப்படாமல், கடைசியில் எல்லாம் மனப்பிரமை என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர் அநேகர். அச்சொல் பிழையானது மட்டுமன்று, கொடியதும் ஆகும். படத்தில் விழாத வலியும் மெய்யான வலியே.

மைக்ரேன் ஏறிய வேளையில் ஒரு பெண்ணை அருகிருந்து கவனித்தால் இது புலப்படும். சீப்பு தலையில் பட்டாலே அவளுக்குத் தாங்காது. பின்னலைத் தளர்த்தி, தோட்டைக் கழற்றி வைத்து, வலிக்கும் பக்கம் தலையணையில் படாதபடி ஒருக்களித்துப் படுப்பாள். சிலருக்குப் போர்வை கையில் உரசுவதுகூட நோகும். நோகக்கூடாத தொடுகை நோகிற இந்நிலையை பாஸ்டன் நகரில் ராமி பர்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 42 நோயாளிகளில் 33 பேருக்கு அது காணப்பட்டதாக 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

காரணம் தோலிலன்று, நரம்பு மண்டலத்தின் மையத்தில் இருக்கிறது. இடைவிடாமல் வலிச் செய்தி வந்து மோதும்போது தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூருணர்வு கொண்டு, அற்பமான தூண்டலையும் பெருவலியாக மேலே அனுப்பத் தொடங்குகின்றன. தண்டுவடத்தில் நிகழும் இம்மாற்றத்தை 1983ஆம் ஆண்டில் கிளிஃபர்ட் உல்ஃப் எலிகளிடம் நடத்திய சோதனைகளால் எடுத்துக்காட்டினார். முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பும் மேற்கழுத்து நரம்புகளும் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து கூடுவதால், தலைவலிக்காரர் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கும் தக்க காரணம் உண்டு. திசுவில் சேதமோ நரம்பில் பழுதோ தெளிவாகக் காணப்படாமல், வலியை உணரும் முறையே பிறழ்வதால் எழும் வலியைத் தனி வகையாகச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஃபைப்ரோமயால்ஜியா அதற்கு முதன்மையான உதாரணம்.

சிகிச்சையிலும் இந்த உறவு வெளிப்படுகிறது. மனச்சோர்வுக்கென்று உண்டாக்கப்பட்ட அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கப்பெற்று, மைக்ரேனைத் தடுப்பதோடு ஃபைப்ரோமயால்ஜியாவையும் குடல் எரிச்சலையும் பலரிடம் தணிக்கிறது. படிப்படியாகக் கூட்டப்படும் தேகாப்பியாசமும், ஒழுங்கான நித்திரையும், மனப்பயிற்சிச் சிகிச்சையும் இவ்வலிகள் பலவற்றுக்கும் பொதுவான துணைகள்.

அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே தலைவலி உடையவர் இடுப்புக்கென்றோ முழங்காலுக்கென்றோ நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரைகூடத் தலைவலியைப் பெருக்கக்கூடும்: சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மருந்தை 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு அதிகமாக உட்கொண்டுவந்தால் மருந்தே தலைவலிக்கு ஹேதுவாகிவிடக்கூடும். ஆகையால் தலைவலிக்காரர் எழுதிவைக்கும் நாட்குறிப்பில், தலை வலித்த நாட்களோடு கழுத்து, தாடை, வயிறு நொந்த நாட்களையும், மாதவிலக்கையும், எந்த வலிக்காக எந்த மாத்திரை விழுங்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறித்து, அந்த ஒரே ஏட்டை எல்லா வைத்தியரிடமும் காட்டவேண்டும்.